பாடசாலைக்குள் வரும் கம்பனிகள்: தாய்மார் கேட்க வேண்டிய கேள்விகள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கையடக்கத் தொலைபேசி வழியாக வீட்டுக்கு வரத் தொடங்கின. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகள், சிக்னல் தேடி மரத்தடிக்கும் வயல் வரம்புக்கும் போன பிள்ளைகள், அன்றாடக் கூலியில் டேட்டாவுக்கென ஒரு பகுதியை எடுத்து வைத்த தாய்மார். அந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை.

அதன் பின்னர் "கல்வி நவீனமயமாக வேண்டும்" என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. நவீனமாவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை யார் தீர்மானிக்கிறார்கள், யாருக்கு இலாபம், நமது பிள்ளைகளைப் பற்றிய விபரம் யாரிடம் போகிறது? இக்கேள்விகளை நமக்கு முன்னரே அமெரிக்காவின் அரச பாடசாலைப் பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அவர்களின் அனுபவம் நமக்கும் பயன்படும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஐபாட்

லொஸ் ஏஞ்சல்ஸ் கல்வி மாவட்டம் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய கல்வி மாவட்டமாகும். அங்கு படிப்போரில் பெரும்பாலானோர் வறிய குடும்பங்களின் பிள்ளைகள். 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்குள்ள கல்விச் சபை, அப்பிள் நிறுவனத்துடன் 30 மில்லியன் டொலர் ஒப்பந்தத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. ஆறு இலட்சத்துக்கும் அதிகமான மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஐபாட் கொடுப்பதே இறுதி நோக்கம். வலைப்பின்னல் வசதியையும் சேர்த்து முழுத் திட்டத்தின் செலவு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. பாடங்களைத் தயாரிக்கும் பொறுப்பு பியர்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பாடசாலைக் கட்டடங்களுக்கென மக்கள் வாக்களித்து அனுமதித்த கடன்பத்திரப் பணமே இதற்கு எடுக்கப்பட்டது.

"பணக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் இருப்பது ஏழை வீட்டுப் பிள்ளையிடமும் இருக்கட்டும்" என்ற நியாயம் கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் கருவிகள் வந்தபோது பாடங்கள் முழுமையாகத் தயாராகவில்லை. அவ்வருட இலையுதிர் காலத்தில் சில பாடசாலைகளில் மாணவர்கள் சில நாட்களுக்குள்ளேயே பாதுகாப்புத் தடைகளை நீக்கி, விரும்பிய இணையப் பக்கங்களைப் பார்க்கத் தொடங்கினர். அதனால் ஐபாட்கள் திருப்பி வாங்கப்பட்டன.

2014 ஓகஸ்ட் மாதம் இன்னொரு விடயம் வெளிவந்தது. விலைமனுக் கோருவதற்கு முன்னரே கல்வி மாவட்டத்தின் தலைவரும் துணைத் தலைவரும் அப்பிள், பியர்சன் நிறுவனங்களுடன் மின்னஞ்சலில் கலந்துரையாடியிருந்தனர். தவறு எதுவும் செய்யவில்லை எனத் தலைவர் மறுத்தார். ஆயினும் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அவ்வருடம் ஒக்டோபரில் அவர் பதவி விலகினார். டிசம்பரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் பெட்டி பெட்டியாக ஆவணங்களை எடுத்துச் சென்றனர். பின்னர் எவர் மீதும் குற்றச்சாட்டுச் சுமத்தப்படவில்லை. 2015இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி கல்வி மாவட்டத்துக்குக் கிடைத்தது சுமார் 6.4 மில்லியன் டொலர் மாத்திரமே.

இங்கே ஐபாட்டைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆசிரியரையும் பெற்றோரையும் கேட்டு, பாடம் தயாரானதா என்று பார்த்து, பிறகு கருவியை வாங்கியிருக்க வேண்டும். அங்கு முதலில் கருவி வாங்கப்பட்டது. ஏனையவை பிறகு யோசிக்கப்பட்டன.

பிள்ளையின் விபரம் யாருக்குச் சொந்தம்?

இரண்டாவது அனுபவம் நியூயோர்க் மாநிலத்துடையது. 2013ஆம் ஆண்டு 'இன்புளூம்' என்ற அமைப்பு ஆரம்பிக்கப்பட்டது. கேற்ஸ் மன்றமும் கார்னகி மன்றமும் சுமார் 100 மில்லியன் டொலர் கொடுத்தன. பல மாநிலங்களின் மாணவர் விபரங்களை ஒரே இடத்தில் சேமித்து, கல்வி மென்பொருள் தயாரிக்கும் கம்பனிகள் அவற்றைப் பயன்படுத்த வழி செய்வதே அதன் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற பாடத்தைக் கொடுக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

சேமிக்கக்கூடிய விபர வகைகள் 400க்கும் அதிகம். பெயர், முகவரி, பரீட்சைப் புள்ளி மட்டுமல்ல. பிள்ளைக்கு ஏதும் இயலாமை உண்டா, என்ன தண்டனை பெற்றது, ஏன் பாடசாலையை விட்டு விலகியது என்பவையும் அடங்கும். விபரங்களை விற்கமாட்டோம் என்று அமைப்பு உறுதி கூறியது. ஆனால் பெற்றோரின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதே தாய்மாரின் கோபம். அவர்கள் கூட்டங்களுக்குப் போனார்கள், கடிதம் எழுதினார்கள், சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. 2014 மார்ச் இறுதியில் நியூயோர்க் மாநிலம் இதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று வாரங்களில் இன்புளூம் தன்னை மூடுவதாக அறிவித்தது.

100 மில்லியன் டொலரை எதிர்த்து நின்ற அந்தத் தாய்மாரிடம் பணபலம் இருக்கவில்லை. விடாமல் கேட்ட கேள்வியே அவர்களின் பலமாக இருந்தது.

நமக்கு இதில் என்ன?

1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா காலத்தில் கிடைத்த இலவசக் கல்வி நமது பிள்ளைகளின் பெரிய சொத்து. வீடு, காணி, நகை எல்லாம் போன பிறகும் பல குடும்பங்களுக்கு எஞ்சியது பிள்ளையின் படிப்பு ஒன்றுதான். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத கிராமத்துப் பாடசாலையில் ஒரு கணினி வழிப் பாடம் உதவியாகவே இருக்கும். ஆனால் அது ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடும் சாட்டாகிவிடக் கூடாது.

விபரம் கொடுக்கும் விடயத்திலோ நமக்கு அனுபவம் அதிகம். இடம்பெயர்ந்த நாள் தொட்டு எத்தனை படிவங்கள் நிரப்பியிருக்கிறோம். கணவர் எங்கே, எப்போது காணாமற்போனார், வீட்டில் யாருக்குக் காயம் என்று எத்தனை பேர் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவை எங்கே போயின என்று நமக்குத் திருப்பிச் சொன்னவர் சிலரே. நமது பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் "தந்தை இல்லை", "காலில் காயம்" என்று எழுதப்படுகிறது. அதை வெளியில் சொல்வதா வேண்டாமா என்பதை வளர்ந்த பின் அந்தப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

2022ஆம் ஆண்டு மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளில் கொரோனாக் காலத்தில் பயன்படுத்தப்பட்ட 164 கல்விச் செயலிகளையும் இணையத் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 146, பிள்ளைகளின் உரிமையைப் பாதித்த அல்லது பாதிக்கக்கூடிய விதத்தில் விபரங்களைக் கையாண்டன. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனங்களிடம் எழுத்தில் தகவல் கோரலாம்.

அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் "எனக்குப் படிப்பறிவு குறைவு" என்று பின்வாங்கிலில் இருந்துவிடாதீர்கள். புதிய கருவியோ செயலியோ வரும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. இதை யார் தருகிறார்கள்? இலவசமென்றால் எவ்வளவு காலத்துக்கு? பழுதானால் திருத்தும் செலவு யாருடையது?
2. நமது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டதா? பாடங்கள் தமிழில் உள்ளனவா?
3. பிள்ளையின் எந்த விபரத்தை எடுக்கிறார்கள்? எங்கே வைக்கிறார்கள்? அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா?
4. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி?

பதிலை எழுத்தில் கேளுங்கள். விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தனியே கேட்கத் தயக்கமாக இருந்தால், பக்கத்து வீட்டுத் தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். நியூயோர்க்கில் அந்தத் தாய்மார் செய்ததும் இதைத்தான்.