தூக்கத்தில் காலை உதைக்கும் நாய்: கனவா? வலிப்பா?

அசந்து தூங்கும் நாய் திடீரென காலை உதைக்கும், முனகும், மீசை துடிக்கும். "பேயைப் பார்த்துடுச்சு" என்பார்கள் பெரியவங்க. அதெல்லாம் இல்லீங்க. மனிதர்களைப் போல நாய்க்கும் கண்விழி உருளும் தூக்கம் உண்டு. கனவு வரும் நேரம் அது. குட்டிகளுக்கு இது அதிகம். எழுப்பணும்னா தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்க. தொட்டு உலுக்கினால் அரைத்தூக்கத்தில் வெடுக்கென கடித்துவிடும். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்க. பல் பட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, ஊசிக்கு ஓடணும்.

கூப்பிட்டும் எழாமல், உடம்பு விறைத்து, நுரை தள்ளி, சிறுநீர் போனால் அது பெரும்பாலும் வலிப்புதான். வாயில் கை வைக்காதீங்க. 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

விழித்திருக்கும்போதும் தசை வெட்டி இழுத்து, கண், மூக்கில் சளி வடிகிறதா? 'டிஸ்டெம்பர்' வைரசாக இருக்கலாம். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் நோய் இது. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டுடணும்.