காற்றுக்கு முன்னே கவாத்து

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசுகிற மேல்காற்று நீங்கள் அறியாததல்ல. கூரைமேல் சாய்ந்த மாங்கிளை ஒன்று முறிந்தால் ஓடும் போகும், உயிரும் போகும். ஆகவே வைகாசியிலேயே அதைக் கழித்துவிடுங்கள்.

பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் முறிந்து அடிமரப் பட்டையையும் உரித்துவிடும். முதலில் ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கம் கால்வாசி அறுங்கள். சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சக் கட்டையை, கிளை புறப்படுகிற புடைப்புக்கு வெளியே ஒட்டி அறுங்கள். அந்தப் புடைப்புதான் காயத்தை மூடும்.

100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இரண்டையும் அரையரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்து, மண்பானையில் கலந்து வெட்டுவாயில் பூசுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது.

மின்கம்பி அருகே கிளையா? கத்தி வைக்காதீர்கள்; மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.