குழாயை மூட முடியாதவர்கள்

கை கழுவ வேண்டும். குழாயை யார் யாரோ தொட்டிருப்பார்கள். ஆகவே முதலில் குழாய்க்குச் சோப்புப் போட வேண்டும். குழாயைத் தேய்த்த கை இப்போது அழுக்கு. மறுபடி சோப்பு. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரை. குழாயை மூடப் போகும்போது முழங்கை சுவரில் பட்டதுபோல் இருக்கிறது. பட்டதா, இல்லையா? உறுதியாகத் தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால்தான் சிலர் குளியலறையைவிட்டு வெளியே வருகிறார்கள்.

அக்கம்பக்கத்தில் இவர்களுக்குக் கிடைக்கும் பெயர் ‘ரொம்ப சுத்தக்காரி’, ‘ரொம்ப சுத்தக்காரன்’. சுத்தபத்தமான மருமகள் என்று மாமியார் பெருமைப்படுவதும் உண்டு. இந்த இடத்தில்தான் பல வருடங்கள் வீணாகின்றன. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் மிகப் பரவலான வடிவங்களில் ஒன்று இது. 1879-லேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஹாமண்ட் இதற்கு ‘மைசோஃபோபியா’ என்று பெயர் வைத்துவிட்டார்.

சுத்தம் பார்ப்பவர் கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். இவர்களுக்கோ கழுவி முடித்த திருப்தியே வருவதில்லை. ‘அழுக்கு ஒட்டியிருக்கிறது’ என்ற எண்ணம் அழையாமல் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, கழுவியதும் சற்று அடங்குகிறது. அந்தக் கொஞ்ச நேர நிம்மதிதான் வினை. கழுவினால்தான் தப்பிக்கலாம் என்று மனம் பழகிவிடுகிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாக வருகிறது. இதில் அர்த்தமில்லை என்பது பெரும்பாலோருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் அவர்களைக் கூனிக்குறுக வைக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு, தன் கையால் குழந்தைக்குக் கிருமி போய்விடுமோ என்று சில தாய்மார்களுக்கு இது தொடங்கும். பிள்ளையைத் தூக்கவே பயந்து ஒதுங்கும் அந்தப் பெண்ணைப் ‘பாசமில்லாதவள்’ என்று உறவுக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பாசம்தான் அங்கே பயமாக மாறி நிற்கிறது.

இந்த நோய் எதைத் தின்று வளர்கிறது என்பதற்கு ஹோவர்ட் ஹியூஸின் வாழ்க்கை ஒரு சாட்சி. ஹாலிவுட் தயாரிப்பாளர், 1938-ல் நான்கே நாளுக்குள் விமானத்தில் உலகைச் சுற்றிவந்தவர், அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். சிறுவயதில் மகனுக்கு நோய் தொற்றிவிடுமோ என்று அவருடைய தாய் ஓயாமல் பயந்துகொண்டிருந்தார். பிற்காலத்தில் ஹியூஸ், டின்னில் அடைத்த பழத்தைத் தனக்கு எப்படித் திறந்து பரிமாற வேண்டும் என்று பணியாளர்களுக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுத்தார். மேஜையை எப்படித் தயார்செய்வது, டின்னை எப்படித் தேய்த்துக் கழுவுவது, கையை எப்படிக் கழுவுவது, பழத்தைத் தட்டுக்கு மாற்றும்போது தலையை எவ்வளவு தள்ளி வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் விதி. எதைக் கொடுத்தாலும் டிஷ்யூ தாளால் பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். சம்பளம் வாங்குகிறவர் மறுப்பாரா? 1976-ல் அவர் இறந்தபோது முடியும் நகமும் நீண்டு, உடம்பு எலும்பும் தோலுமாகக் கிடந்தது. கிருமிக்குப் பயந்த மனிதர் கடைசிக் காலத்தில் தன் உடம்பையே பேணவில்லை. முன்பு நேர்ந்த ஒரு விமான விபத்தின் தீராத வலியும், அதற்காக எடுத்துப் பழகிய கோடீன் என்ற வலிமருந்தும் அந்தச் சீரழிவில் சேர்ந்தே இருந்தன. ஆனால் ‘முடியாது’ என்று சொல்ல அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஹியூஸிடம் சம்பளம் செய்த வேலையை நம் வீடுகளில் பாசம் செய்கிறது. மகன் சொல்கிறான் என்று பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போடுகிறார் அம்மா. அப்பா வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போக வேண்டும். விருந்தாளி உட்கார்ந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது. ‘என் கை சுத்தமா இருக்காம்மா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாலும் ‘இருக்குடா கண்ணு’ என்று பதில் வருகிறது. பிள்ளை நிம்மதியாக இருந்தால் போதும் என்ற நினைப்பு. ஒவ்வொரு முறை இறங்கிப்போகும்போதும், பயப்படுவது சரிதான் என்று நோய்க்குச் சொல்லிவிடுகிறோம். குடும்பம் அதிகம் இறங்கிப்போகும் வீடுகளில் நோயும் கடுமையாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகத் திட்டுவதும் அடிப்பதும் தண்ணீரை நிறுத்துவதும் உதவாது; பயம் கூடினால் கழுவுவதும் கூடும்.

வழி இருக்கிறது. கழுவவிடாமல் பயத்தை எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சையை லண்டனைச் சேர்ந்த உளவியலாளர் விக்டர் மேயர் 1966-ல் பதிவுசெய்தார். இன்றும் முதல் தேர்வுகளில் ஒன்று அதன் வளர்ந்த வடிவம்தான். நோயாளியும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்துவார்கள். கதவுப் பிடி, பஸ் கம்பி, செருப்பின் அடிப்பாகம் என்று அது போகும். நோயாளி தன் சம்மதத்தோடு கதவுப் பிடியைத் தொடுவார். பிறகு கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பதற்றத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று சிகிச்சையாளர் கேட்பார். எண்பது என்பார், கால் மணி கழித்தும் எண்பதாகவே இருக்கலாம். காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபது, ஐம்பது என்று தானாகவே இறங்கும். இறங்காத நாளிலும், கழுவாமல் இருந்தும் பயந்தது நடக்கவில்லை என்பது மனதில் பதியும். அம்மாவுக்கும் அங்கே பாடம் உண்டு: ‘சுத்தமா இருக்காம்மா?’ என்றால், ‘கஷ்டமா இருக்குன்னு தெரியுது, ஆனா நாம பேசிக்கிட்டபடி பதில் சொல்ல மாட்டேன்’ என்று அன்பாகச் சொல்லப் பழக வேண்டும். செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் போன்ற மருந்துகளும் பலருக்குக் கைகொடுக்கின்றன. பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். மூன்றாம் வாரத்தில் ‘கேட்கவில்லை’ என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை பெறலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பலர் முதலில் போய் நிற்பது தோல் மருத்துவரிடம். சோப்பும் ஈரமும் அரித்து, விரல் இடுக்கு வெடித்து, உள்ளங்கை எரியும்போது களிம்பு கேட்டு வருகிறார்கள். காரணத்தைச் சொல்ல வெட்கம். தோல் மருத்துவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். களிம்பு எழுதித் தருவதற்கு முன், கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுறீங்க?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.