உங்களுக்குத் தெரியுமா? பெட்டி கட்டுமுன் ஒரு படிவம்!

அமெரிக்கப் படைகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்றம் வந்துவிடும். அடுத்த ஊர் டெக்சாஸாக இருக்கலாம், ஜெர்மனியாக இருக்கலாம், ஜப்பானின் ஒகினாவா தீவாகவும் இருக்கலாம். படைவீரர் எங்கே அனுப்பினாலும் போய்விடுவார். வீட்டில் வலிப்பு நோயுள்ள மகளோ, ஆட்டிசம் உள்ள மகனோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற மனைவியோ இருந்தால்? போகிற ஊரில் அதற்கான டாக்டரும் டீச்சரும் உண்டா என்று விமானம் ஏறும் முன்பே பார்த்துவிட விரிவான ஏற்பாடு இருக்கிறது. அதிலிருந்து சில தகவல்கள்...

பதிவு

● இந்த ஏற்பாட்டின் பெயர் எக்ஸெப்ஷனல் ஃபேமிலி மெம்பர் புரோகிராம். சுருக்கமாக, இ.எஃப்.எம்.பி. முழுநேரப் படைவீரரின் குடும்பத்தில் யாருக்காவது சிறப்பு மருத்துவத் தேவையோ கல்வித் தேவையோ இருந்தால் இதில் பதிவு செய்வது கட்டாயம். ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒதுங்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பதிவானவர்கள் 1,32,500-க்கும் மேல்.

● இது குழந்தைகளுக்கு மட்டுமான திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். கணவன், மனைவி, படைவீரரைச் சார்ந்து வாழும் பெரியவர்கள் என எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

● எதையெல்லாம் கணக்கில் எடுப்பார்கள்? கடந்த ஐந்து ஆண்டுக்குள் வந்த புற்றுநோய், இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோய், சிக்கிள் செல் ரத்த நோய், அடிக்கடி தொல்லை தரும் ஆஸ்துமா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் மனநலப் பிரச்னை, கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. எனப் பட்டியல் நீளம். நோயின் பெயர் மட்டும் போதாது. எவ்வளவு தீவிரம், எத்தனை முறை டாக்டரைப் பார்க்க வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் தேவையா என்பதையும் பார்ப்பார்கள்.

● வீடும் கணக்கில் உண்டு! ‘அதிகம் படி ஏற முடியாது’, ‘வீல்சேர் நுழையும் அகலத்தில் கதவு வேண்டும்’, ‘உடல்நிலை காரணமாக ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாது’ என்பவையும் பதிவு செய்யப்பட வேண்டிய தேவைகளே. ஐரோப்பாவில் லிஃப்ட் இல்லாத மாடிக் குடியிருப்பில் போய் இறங்கியபின் விழிக்கக் கூடாது அல்லவா?

● முக்கியமான படிவங்கள் இரண்டு. டி.டி. 2792 என்பது மருத்துவச் சுருக்கம். அதை டாக்டர் நிரப்ப வேண்டும். டி.டி. 2792-1 என்பது கல்விச் சுருக்கம். அதைப் பள்ளியோ, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் ஆரம்பகாலப் பயிற்சி மையமோ நிரப்ப வேண்டும். ஒரே குழந்தைக்கு இரண்டும் தேவைப்படலாம்.

● ‘பதிவு செய்தால் பதவி உயர்வு போய்விடும்’ என்ற பயம் முகாம்களில் இன்னமும் உண்டு. பதவி உயர்வுக்கும் இந்தப் பதிவுக்கும் தொடர்பில்லை என்கிறது விதி. தெரிந்தே மறைத்தாலோ, பொய்யான தகவல் தந்தாலோ ஒழுங்கு நடவடிக்கை பாயும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

● 2010 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தின் வழியே, சிறப்புத் தேவையுள்ள ராணுவக் குடும்பங்களுக்கென்றே பாதுகாப்புத் துறையில் தனி அலுவலகம் பிறந்தது. அதன் பிறகும் தரைப்படைக்கு ஒரு வழி, கடற்படைக்கு ஒரு வழி என்றே நடந்துவந்தது. எல்லாப் படைகளுக்கும் பொதுவான திருத்தப்பட்ட விதிகள் 2023 ஜூனில்தான் வந்தன.

பரிசோதனை

● வெளிநாட்டுப் போஸ்டிங்குக்குக் குடும்பத்தை அழைத்துப் போக வேண்டுமானால், ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் மட்டுமல்ல, கூடப்போகும் ஒவ்வொருவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். ‘என் பிள்ளைக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை’ என்றாலும் விலக்கு இல்லை. தரைப்படையில் இதற்கான படிவத்தின் எண் 5888. கடற்படையில் உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் பரிசோதனையை முடிக்க வேண்டும்.

● பல்லுக்கும் பரிசோதனை உண்டு. விமானப்படையில் அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. சின்னத் தீவில் இருக்கும் தளத்தில், பல்லுக்குப் போட்ட கம்பியை மாதாமாதம் முறுக்கிச் சரிசெய்ய நிபுணர் கிடைப்பது லேசல்ல.

● தரைப்படைக் குடும்பங்களில் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு வளர்ச்சிப் பரிசோதனை கூடுதலாக நடக்கும். பேச்சு, நடை, கைவேலை, பழகும் விதம் எல்லாம் வயதுக்கு ஏற்ப இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பெற்றோர் கவனிக்காமல் விட்ட பேச்சுத் தாமதம் இந்த மேஜையில் முதன்முதலாகத் தெரியவரலாம்.

● கேள்வி ‘இந்தக் குழந்தை தகுதியானதா?’ என்பதல்ல. ‘அந்த ஊர் இந்தக் குழந்தைக்குத் தகுதியானதா?’ என்பதே. ஜெர்மனியின் லாண்ட்ஷ்டூலில் இருப்பது, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மிகப் பெரிய அமெரிக்க ராணுவ மருத்துவமனை. கியூபாவின் குவாண்டனமோ தளத்தில் இருப்பதோ சிறிய மருத்துவமனை. ஒரே குழந்தைக்கு ஓர் ஊர் ‘சரி’, இன்னோர் ஊர் ‘வேண்டாம்’ என்று பதில் வரலாம்.

● ‘வேண்டாம்’ என்று வந்தால் போஸ்டிங் தானாக ரத்தாகிவிடாது. வேறு ஊர் தரலாம். அல்லது குடும்பத்தை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டுப் படைவீரர் மட்டும் தனியாகப் போக நேரலாம். ஜெர்மனியில் குடும்பத்தோடு என்றால் பொதுவாக மூன்று ஆண்டு, தனியாள் என்றால் இரண்டு ஆண்டு. குடும்பங்கள் நோயை மறைக்கத் துணிவது இந்தப் பிரிவுக்குப் பயந்துதான்.

● மறைத்துப் போனவர்களின் கதி? தேவையான சிகிச்சை அங்கே இல்லையென்றால், குடும்பத்தை முன்கூட்டியே தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கென்றே அலுவலக நடைமுறை உண்டு. பள்ளி ஆண்டின் நடுவே, வந்த பெட்டியைப் பிரிக்காமலே திரும்ப வேண்டிய கதை.

● கர்ப்பமும் பரிசோதனையில் கேட்கப்படும். பிரசவ வசதி இல்லாத தொலைதூரத் தளங்களில் இருக்கும் கர்ப்பிணிகள், பிரசவ நாளுக்குச் சில வாரம் முன்பே பெரிய மருத்துவமனை உள்ள ஊருக்குப் போய்த் தங்கிவிடுவார்கள். இதற்குச் செல்லப் பெயர் ‘ஸ்டார்க் நெஸ்ட்’, அதாவது நாரைக்கூடு.

பள்ளி

● ஒரு ராணுவக் குழந்தை பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஆறு முதல் ஒன்பது பள்ளிகள் மாறிவிடும் என்பது பொதுவான கணக்கு. சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்கு ஒவ்வொரு மாற்றமும் புது டீச்சர், புதுத் தெரபிஸ்ட், புது விளக்கம்.

● அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே பள்ளிகள் நடத்துகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946-ல் ஐரோப்பாவிலும் பசிபிக் பகுதியிலும் தொடங்கியவை இவை. இன்று ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, பஹ்ரைன் உட்பட 11 நாடுகளிலும் அமெரிக்க மண்ணிலுமாகச் சுமார் 160 பள்ளிகள் உள்ளன.

● மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இலவசமான, பொருத்தமான கல்வியை உரிமையாக்கிய அமெரிக்கச் சட்டம் 1975-ல் வந்தது. கடல் கடந்தால் அந்த உரிமை காலாவதியா? இல்லை. வெளிநாட்டு ராணுவப் பள்ளிகளுக்கென 1978-ல் வந்த சட்டத்தின் வழியாக, அங்கேயும் 21 வயது வரை சிறப்புக் கல்வி பெறலாம்.

● சிறப்புக் கல்வியின் உயிர்நாடி ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம். ஒரு குழந்தைக்கு என்ன இலக்கு, வாரத்துக்கு எவ்வளவு நேரம் பேச்சுப் பயிற்சி, யார் தருவார் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். நடப்பு ஐ.இ.பி.யோடு குழந்தை வந்து இறங்கினால், புதிய ராணுவப் பள்ளி அதை அப்படியே ஏற்க வேண்டும். அல்லது புதுத் திட்டம் தயாராகும்வரை அதற்கு இணையான சேவை தர வேண்டும். ‘முதலிலிருந்து ஆரம்பிப்போம்’ என்று தள்ளிப்போட முடியாது.

● மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வெளிநாட்டில் ஆரம்பகாலப் பயிற்சி தருவது பள்ளி அல்ல, ராணுவ மருத்துவப் பிரிவு! ‘எடிஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சேவையில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் உண்டு.

● ராணுவப் பள்ளியே இல்லாத ஊருக்கு மாற்றினால்? அங்குள்ள சர்வதேசப் பள்ளி போன்றவற்றில் சேர்க்கக் கட்டணம் தரும் திட்டம் தனியாக இருக்கிறது. ஆனால் பணம் தயாராக இருந்தாலும், சிறப்புக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி அந்த ஊரில் இருக்க வேண்டுமே! அதனால்தான் உத்தரவு உறுதியாகும் முன்பே விசாரிக்கச் சொல்கிறார்கள்.

மருந்து, மின்சாரம், நாய்

● அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்குச் சர்வசாதாரணமாக எழுதித்தரும் அடரால் மாத்திரை ஜப்பானுக்குள் நுழைய முடியாது. அதில் உள்ள ஆம்ஃபெட்டமின் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். டாக்டர் சீட்டு இருந்தாலும் பையில் கொண்டுவரவோ அஞ்சலில் வரவழைக்கவோ கூடாது. மூக்கடைப்பு மருந்தான சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்திருந்தால் அதுவும் தடை. மாற்று மருந்துக்கு உடம்பு பழக, கிளம்பும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

● ராணுவ அஞ்சல் முகவரிக்கு மூன்று மாத மருந்தை வீடு தேடி அனுப்பும் வசதி உண்டு. ஆனால் இன்சுலின் மாதிரி குளிர்பதனத்தில் வைக்க வேண்டியவற்றை அப்படி அனுப்ப மாட்டார்கள். ஜெர்மனியில் வசிப்பவர்களுக்கு, அந்நாட்டு விதி காரணமாக, இந்த வசதியே கிடையாது.

● ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அதோடு தீரவில்லை. டோக்கியோ, யோகோசுகா இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒகினாவாவிலும் மேற்குப் பகுதியிலும் 60 ஹெர்ட்ஸ். ஆக்ஸிஜன் கருவி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் நாட்டை மட்டுமல்ல, ஊரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

● பார்வையற்றவருக்கோ வலிப்பு உள்ளவருக்கோ உதவும் பயிற்சி பெற்ற நாயையும் ஜப்பானுக்கு நினைத்தவுடன் கூட்டிப்போக முடியாது. மைக்ரோசிப், இரண்டு வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். முன்னதாகவே வந்தால் மீதி நாளை நாய் தனிமை முகாமில் கழிக்கும். 1957-க்குப் பிறகு உள்நாட்டு விலங்கு எதற்கும் வெறிநோய் வராத நாடு அது. அந்தக் கண்டிப்புக்கு அர்த்தம் இருக்கிறது.

● தென்கொரியாவில் வசந்த காலத்தில் மஞ்சள் தூசி வீசும். மங்கோலியா, வட சீனப் பாலைவனங்களிலிருந்து காற்றில் வரும் மண் அது. வீசிங் உள்ள குழந்தையை அங்கே கூட்டிச்செல்வதற்கு முன் ஆஸ்துமாவை இத்தனை நுணுக்கமாக விசாரிப்பது இதனால்தான்.

மேலும் சில

● பதிவு வெறும் சுமை அல்ல, சாவியும்கூட. ராணுவ மருத்துவக் காப்பீடான டிரைகேரில் ‘எக்கோ’ என்ற கூடுதல் பிரிவு உள்ளது. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு, சாதாரணக் காப்பீட்டில் வராத பல சேவைகளை ஆண்டுக்கு 36,000 டாலர் வரை அது ஏற்கும். அதற்குள் நுழையப் பொதுவாக இ.எஃப்.எம்.பி. பதிவு இருந்தாக வேண்டும்.

● தளத்தில் வேலை பார்க்கும் சீருடை அணியாத அரசு ஊழியர்களின் நிலை வேறு. குடும்பத்தில் சிறப்புத் தேவை இருக்கிறது என்று காரணம் காட்டி அவர்களுக்கு வெளிநாட்டு வேலையை மறுக்கக் கூடாது. ஆனால் மருத்துவத்துக்கு வழி பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. ராணுவ மருத்துவமனையில் இடம் மிஞ்சினால்தான் கிடைக்கும்.

● பிரிட்டன் படைகளிலும் இதே கவலை உண்டு. சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தையோடு வெளிநாடு போகுமுன், அங்கே ஆதரவு தர முடியுமா என்று பாதுகாப்பு அமைச்சகம் மதிப்பீடு செய்யும். இங்கிலாந்தில் சட்ட பலம் கொண்ட கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் கடல் தாண்டினால் அந்தப் பலத்தை இழந்துவிடும் என்பதால் இது இன்னும் முக்கியம். புரூனேயில் உள்ள கூர்க்கா படையினரின் குழந்தைகளுக்காக அங்கே ‘ஹார்ன்பில்’ என்ற பள்ளியையும் அந்த அமைச்சகம் நடத்துகிறது.

● கடைசியாக, எல்லா முகாம்களிலும் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று: மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை, ஐ.இ.பி. நகல், ஒரு மாதத்துக்கான மருந்து ஆகியவற்றைக் கப்பலில் போகும் சாமானோடு சேர்க்காதீர்கள், கைப்பையில் வையுங்கள்.

இந்த அறிவுரைக்குச் சீருடை தேவையில்லை. வேலைக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும் நம்மவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். நம் ஊரில் சாதாரணமாக எழுதித்தரும் டிரமடால் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். உங்கள் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வியோ தொடர் சிகிச்சையோ தேவைப்பட்டால் அதை மறைக்காதீர்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த ஊர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.