ஆளுக்கேற்ற சைக்கிள்

நம் நாட்டுச் சிற்றூர்களில் சிறுவர்கள் பெரியவர்களின் சைக்கிளை ஓட்டிப் பழகும் காட்சியைக் காணாதவர் இலர். இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாது. ஆகவே குறுக்குத் தண்டின் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து மிதிப்பர். தமிழில் இதனைக் 'குரங்கு பெடல்' என்கிறோம். இந்தி பேசுவோர், கால்களின் தோற்றங் கருதி, 'கத்தரி' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். சிறுவர்க்கு இது விளையாட்டு. ஆனால், வளர்ந்தும் உயரங் குறைந்தவர்கள் பொருந்தாத வண்டியோடு நாள்தோறும் போராடுவது விளையாட்டன்று.

இதற்குக் காரணம் யாது? கணக்கிட்டுப் பார்ப்போம். சைக்கிளின் சட்ட அளவு என்பது, மிதியச்சிலிருந்து இருக்கைக் குழாயின் மேல்முனை வரையுள்ள நீளமாகும். நெடுங்காலமாக நாம் அறிந்த கனத்த சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். சட்டம் பெரும்பாலும் 22 அல்லது 24 அங்குலம். மிதியச்சு தரையினின்று ஏறத்தாழ 12 அங்குல உயரத்தில் உள்ளது. ஆகவே, இருக்கைக் குழாயின் சாய்வைக் கழித்தாலும், 22 அங்குலச் சட்டத்தின் குறுக்குத் தண்டு ஏறக்குறைய 33 அங்குல உயரத்தில் அமைகிறது. ஐந்தடி உயரமுள்ளவரின் தொடையிடுக்கிலிருந்து தரை வரையுள்ள அளவோ 27 அல்லது 28 அங்குலந்தான். திடீரென நிறுத்த நேரின், அவர் கால் ஊன்ற வழியின்றி வண்டியோடு சாய வேண்டியதே.

தண்டு தாழ்ந்த பெண்கள் சைக்கிளை வாங்கினால் ஏறி இறங்கும் இடர் நீங்கும். ஆயினும், அதனாலேயே கைப்பிடி அருகில் வந்துவிடாது. எட்டிப் பிடித்து ஓட்டுவோருக்குத் தோளும் கழுத்தும் நோகும்.

கைப்பிடியை நெருக்கி அமைக்கத் தடையாய் நிற்பது பெரிய சக்கரமே. முன்சக்கரம் மிக அருகே வந்தால், திரும்பும்போது கால்விரல் அதில் இடிக்கும். இதனைத் தவிர்க்க, முன்கவையைச் சாய்த்துச் சக்கரத்தை முன்னே தள்ளுவர். இதனால் சட்டத்தின் எண் குறைந்தும் வண்டியின் நீளம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. சக்கரத்தையே 26 அல்லது 24 அங்குலமாக்குவதுதான் நேரிய வழி. அமெரிக்காவில் 1985-இல் நிறுவனந் தொடங்கிய ஜார்ஜீனா டெர்ரி என்னும் பொறியியல் அறிஞர், முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கி இச்சிக்கலைத் தீர்த்தார். சிறு சக்கரத்தால் வேகங் குன்றும் என அஞ்ச வேண்டா. பற்சக்கரங்களின் அளவால் அதனை ஈடுசெய்யலாம்.

வாங்குமுன் செய்யவேண்டுவன சிலவே. வெறுங்காலோடு சுவரோரம் நின்று, தொடையிடுக்கில் ஒரு புத்தகத்தை நிறுத்தித் தரை வரை அளந்துகொள்க. குறுக்குத் தண்டு அவ்வளவுக்கு ஓரங்குலமேனும் தாழ்ந்திருத்தல் வேண்டும். இருக்கையில் அமர்ந்து, கீழ்நின்ற மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். முன்சக்கரத்தைத் திருப்பி, கால்விரல் படுகிறதா என்றும் பார்க்க.

பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்குச் சைக்கிள் வாங்கப் பணம் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை உயர்ந்தது. ஒரு சைக்கிள் ஒரு பெண்ணின் கல்வியையே காக்க வல்லது. அத்தகைய வண்டியை, 'வளர்ந்தபின் சரியாகிவிடும்' என்று பெரிதாக வாங்கித் தருதல் தகாது. இன்று ஓட்டுபவரின் உடலுக்கு இன்றே பொருந்துவதுதான் நல்ல சைக்கிள்.