வளரும் இதயம், வளராத வால்வு

பிறவி இதயக் குறைபாடு என்றவுடன் பலருடைய நினைவுக்கு வருவது இதயச் சுவரில் உள்ள ஓட்டைதான். ஓட்டையை ஓர் ஒட்டுத் திசுவால் அடைத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் வால்வு என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, வாழ்நாள் முழுவதும் திறந்து மூட வேண்டிய உறுப்பாகையால், அது பிறவியிலேயே பிழையாக அமைந்துவிட்டால் அச்சிக்கல் ஒரே அறுவை சிகிச்சையில் தீர்வது அரிது. குழந்தையின் இதயம் ஆண்டுதோறும் வளர்கிறது. அதில் பொருத்தப்படும் செயற்கை வால்வு வளர்வதில்லை. பிறவி வால்வுக் குறைபாடுகளின் சிகிச்சை வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு முரண்பாட்டோடு மருத்துவர்கள் நடத்தி வந்த போராட்டமே.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மூவிதழ் வால்வும், இடப்புறத்து அறைகளுக்கு இடையே ஈரிதழ் வால்வும், வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வாயிலில் நுரையீரல் தமனி வால்வும், இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் புறப்படும் வாயிலில் பெருந்தமனி வால்வும் அமைந்துள்ளன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடைய இதழ்களால் ஆன இவை இரத்தத்தை முன்னோக்கி மட்டுமே செல்லவிடுகின்றன. கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள், இதயத் திண்டுகள் எனப்படும் மென்திசுத் திரட்சிகள் மெலிந்தும் பிரிந்தும் இவ்விதழ்களாக உருப்பெறும்போது ஏற்படும் பிழைகளே பிறவிக் குறைபாடுகளாகின்றன. இதழ்கள் ஒட்டிக்கொண்டு வாயில் குறுகிவிட்டால் அது சுருக்கம். சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி வழிந்தால் அது கசிவு. வால்வு அறவே உருவாகாமல் வாயில் அடைபட்டுப் போவதும் உண்டு. நடுத் திண்டுகள் ஒன்றுசேரத் தவறினால் இரண்டு வால்வுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பொது வால்வு அமைந்துவிடுகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருப்பதும், அவற்றுள் இந்தப் பொது வால்வு அமைப்பு அடிக்கடி காணப்படுவதும் மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி.

இக்குறைபாடுகளுள் மிகப் பரவலானது, மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வு இரண்டு இதழ்களோடு அமைவதாகும். மக்களில் 100 பேருக்கு ஒருவர் அல்லது இருவரிடம் காணப்படும் இது ஆண்களிடையே மிகுதி. பலர் இது இருப்பதே தெரியாமல் நடுவயதை எட்டிவிடுகின்றனர். பிறகுதான் இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து வாயில் குறுகத் தொடங்குகிறது, அல்லது பெருந்தமனியே விரிந்து பலவீனமடைகிறது. சில குடும்பங்களில் நாட்ச்-1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் இதற்குக் காரணமாவது 2005இல் கண்டறியப்பட்டது. ஒருவருக்கு இது உறுதியானால் அவருடைய உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. வலியற்ற அந்தச் சிறு பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

நுரையீரல் தமனி வால்வின் சுருக்கத்திற்கு 1982ஆம் ஆண்டுக்கு முன்பு நெஞ்சைத் திறப்பதே வழக்கமான வழி. அவ்வாண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜீன் கான் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பலூன் சிகிச்சையை வெளியிட்டனர். தொடையின் இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய கம்பியொன்று இதயத்திற்குள் செலுத்தப்பட்டு, அதன்மேல் சுருட்டிய நிலையில் ஒரு பலூன் வால்வின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது. எக்ஸ்ரே திரையில் பலூன் விரியும்போது ஒட்டிக்கிடக்கும் இதழ்கள் அதன் நடுவே இறுக்கிப் பிடிப்பதால் அங்கு இடுப்புபோல் ஒரு குறுகல் தெரியும். அழுத்தம் கூடக் கூட அந்தக் குறுகல் திடீரென மறைந்தால், இதழ்கள் ஒட்டிய கோட்டின் வழியே பிரிந்துவிட்டன என்று பொருள். சில விநாடிகளில் பலூன் சுருக்கப்பட்டுவிடும். குழந்தைகள் பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர். இச்சிகிச்சையின் பெருமை, குழந்தையின் சொந்த வால்வு அதே இடத்தில் இருந்து அதனோடு சேர்ந்து வளர்வதுதான்.

சொந்த வால்வைக் காப்பாற்ற முடியாத நிலையில்தான் உண்மையான இக்கட்டு தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் பெருந்தமனி வாயில் ஒரு பென்சிலின் பருமனைவிடப் பெரியதன்று. வளர்ந்தவருக்கோ அது 20 மில்லிமீட்டருக்கு மேல். உலோகத்தாலும் கார்பனாலும் ஆன இயந்திர வால்வுகளுள் மிகச் சிறியதான 15 மில்லிமீட்டர் வால்வுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல்தான் ஒப்புதல் தந்தது. இந்தியாவில் வால்வு நோய் என்றால் நெடுங்காலமாக ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான வால்வுதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வு, அத்தகைய நோயாளிகள் பலருக்கு எட்டக்கூடிய விலையில் கிடைத்தது. ஆனால் வளர்ந்தவருக்கு ஏற்ற தீர்வு கைக்குழந்தைக்குப் பொருந்துவதில்லை. இயந்திர வால்வில் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு, அதன் அளவை அடிக்கடி இரத்தப் பரிசோதனையால் சரிபார்க்க வேண்டும். அம்மாத்திரை கருவில் உள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதால், பெண் குழந்தைக்கு வால்வைத் தேர்ந்தெடுக்கும்போதே அவளுடைய எதிர்காலத் தாய்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு இம்மாத்திரை பெரும்பாலும் நீடித்துத் தேவைப்படுவதில்லை; ஆயினும் குழந்தைகளின் உடலில் அது பெரியவர்களிடத்தில் நிகழ்வதைவிட மிக விரைவாகச் சுண்ணமேறிப் பழுதாகிவிடுகிறது.

இதனால்தான் மாற்றுவதைவிடச் செப்பனிடுவதே மேல் என்ற கொள்கை குழந்தை இதய அறுவை சிகிச்சையில் வேரூன்றியது. லண்டனில் டொனால்டு ராஸ் 1967இல் நோயாளியின் உடலிலேயே மாற்று வால்வு இருப்பதைச் சுட்டிக்காட்டும் ஓர் அறுவை முறையைத் தொடங்கினார். கெட்டுப்போன பெருந்தமனி வால்வை அகற்றி, நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை அங்கு வைத்து, காலியான இடத்தில் கொடையாகப் பெற்ற மனித வால்வைப் பொருத்துவது அவர் முறை. இடம் மாறிய சொந்த வால்வு உயிருள்ள திசு ஆதலால் வளர்கிறது. மூவிதழ் வால்வின் இதழ்கள் கீழறைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும் குறைபாட்டை 1866இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் விவரித்தார். அவ்விதழ்களைச் சுவரிலிருந்து பிரித்தெடுத்துக் கூம்பு வடிவில் சுற்றித் தைத்து, அவற்றின் இயல்பான இடத்தில் பொருத்தும் முறையை பிரேசில் அறுவை மருத்துவர் ஜோசே பெட்ரோ டா சில்வா வளர்த்தெடுத்தார்.

சிகிச்சையே புதிய வால்வுக் கோளாறுக்கு வழிவிட்ட கதை ஃபாலோ நால்கூட்டுக் குறைபாட்டின் கதை. பிரெஞ்சு மருத்துவர் எட்டியென்-லூயி ஆர்தர் ஃபாலோ 1888இல் தொகுத்துரைத்த இந்நோயில் கீழறைச் சுவரில் ஓட்டை, நுரையீரல் வாயிலில் குறுகல், ஓட்டையின்மேல் சாய்ந்து நிற்கும் பெருந்தமனி, தடித்த வலது கீழறை ஆகிய நான்கும் சேர்ந்திருப்பதால், போதிய ஆக்சிஜன் பெறாத இரத்தம் உடலெங்கும் ஓடி உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. 1954இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை, நோயாளியின் இரத்த ஓட்டத்தை இன்னொரு மனிதரின் இரத்த ஓட்டத்தோடு இணைத்துவிட்டு, இதயத்தைத் திறந்து இக்குறைபாட்டை முதன்முதலாக முழுமையாகச் சீர்செய்தார். குறுகிய வாயிலை அகலப்படுத்த வால்வின் குறுக்கே வெட்டி ஒட்டுப் போடுவது பல குழந்தைகளுக்குத் தவிர்க்க முடியாதது. அவ்வாறு செய்தால் வால்வு மூடும் திறனை இழந்து இரத்தம் பின்னோக்கிக் கசியும். நீலம் மறைந்து குழந்தை ஓடியாடுவதைக் கண்ட மகிழ்ச்சியில் அந்தக் கசிவு தீங்கற்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல வலது கீழறை விரிந்து, இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, சிலருக்குத் திடீர் மரணமும் நேர்ந்த பிறகுதான், அவர்கள் குணமடைந்தவர்கள் அல்லர், தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டியவர்கள் என்பது புலப்பட்டது. அவர்களுள் பலருக்கு இருபது, முப்பது வயதுகளில் புதிய நுரையீரல் தமனி வால்வு தேவைப்படுகிறது. பிரான்சில் ஃபிலிப் போன்ஹோஃபர், மாட்டின் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த வால்வைக் கம்பி வலைக்குள் தைத்து, நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியாகவே 12 வயதுச் சிறுவனுக்குப் பொருத்திய செய்தி 2000இல் வெளியானது; மீண்டும் மீண்டும் நெஞ்சைத் திறக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய விடுதலை.

வளரும் வால்வுக்கான தேடலும் வீண்போகவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2022இல், கொடையாகக் கிடைத்த குழந்தை இதயத்திலிருந்து உயிருள்ள வால்வுகளும் அவற்றோடு சேர்ந்த தமனிப் பகுதிகளும் மட்டும் எடுக்கப்பட்டு ஒரு பச்சிளம் சிசுவுக்குப் பொருத்தப்பட்டன; அவை குழந்தையோடு சேர்ந்து வளர்வதை அம்மருத்துவர்கள் 2024இல் அறிவித்தனர். கொடை இதயங்கள் அரிதாகவே கிடைப்பதால் இது எல்லோருக்கும் எட்டச் சில காலம் ஆகலாம்.

அதுவரை, சிறுவயதில் இதய அறுவை சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் தொடர் கவனிப்பே உயிர்க்காப்பு. மூச்சிரைப்போ களைப்போ இல்லை என்பதற்காக ஆண்டுப் பரிசோதனையை நிறுத்துதல் கூடாது, ஏனெனில் கசியும் வால்வு பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத்தைப் பழுதாக்கக்கூடியது. பல்லில் சீழ் பிடித்தால் அக்கிருமிகள் இரத்தத்தின் வழியே வால்வில் தங்கிவிடலாம் என்பதால் பல் மருத்துவரிடம் இதயக் குறைபாட்டைத் தவறாமல் சொல்ல வேண்டும். பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். பெற்றோர் அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் எக்கோ அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்போது அவற்றை அவர் கையில் கொடுத்து, எந்த வால்வில் என்ன செய்யப்பட்டது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும்.