ஒரே ஃபோர்க் எப்படி ஹார்டாகவும் சாஃப்டாகவும் இருக்கும்?

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். காட்டுப்பாதை, கல் பாதை என்று சுற்றுவதற்காகவே பைக் வாங்கியவர். "பிரேக் பிடிச்சா முன்பக்கம் மூக்கைக் குத்திட்டு இறங்குது. ஆனா ஒரு கல்லுல ஏறினா ரெண்டு கையும் விண்விண்ணுன்னு வலிக்குது. இது சாஃப்டா, ஹார்டா? எனக்கே புரியல" என்றார். மெக்கானிக் ஃபோர்க்கில் கெட்டியான ஆயில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மூக்குக் குத்துவது கொஞ்சம் குறைந்தது, கைவலி கூடிவிட்டது. ஓர் இறக்கத்தில் முன்சக்கரம் கல்லில் மோதித் துள்ளி, விழப்போய்த் தப்பித்த பிறகுதான் எனக்குப் போன்.

அவருடைய இரண்டு புகாருமே உண்மைதான். ரெண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: ஃபோர்க்குக்குள் ஆயில் போகும் வழி. அதைப் பற்றிக் குறித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்பிரிங்கையும் டேம்பிங்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து எதிர்க்கும். டேம்பிங் எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதைப் பொறுத்து எதிர்க்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பைக் பந்து மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை ஆயில் குறுகலான வழியில் நெருக்கிப் போய், சூடாக மாற்றி அடக்குகிறது.

இங்கே வேகம் என்பது பைக்கின் வேகம் இல்லை, ஃபோர்க் உள்ளே போகும் வேகம். நல்ல சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போய் பிரேக் பிடித்தால் ஃபோர்க் மெதுவாகத்தான் இறங்கும். 20 கி.மீ. வேகத்தில் கூரான விளிம்புள்ள ஒரு கல்லில் ஏறினால் படாரென்று உள்ளே போகும். சஸ்பென்ஷன்காரர்கள் 'லோ ஸ்பீடு', 'ஹை ஸ்பீடு' என்று சொல்வது இதைத்தான்.

ஓட்டையின் குணம்

விலை குறைந்த பைக்குகளிலும், கவாஸாகி கேஎல்ஆர் 650 போன்ற பழைய வடிவமைப்பிலும் இருப்பது டேம்பிங் ராடு ஃபோர்க். உள்ளே ஒரு குழாய், அதில் சில ஓட்டைகள், அவ்வளவுதான். ஃபோர்க் அமுங்கும்போது ஆயில் அந்த ஓட்டைகள் வழியாகப் போக வேண்டும்.

ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுலபமாகப் போகும். ஓங்கி அழுத்தினால் சுவர் மாதிரி நிற்கும். ஓட்டையின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு.

நண்பரின் ஃபோர்க் பிரேக்கில் பஞ்சாகவும் கல்லில் இரும்பாகவும் இருப்பதன் காரணம் இதுதான். ஓட்டையைச் சின்னதாக்கினாலோ ஆயிலைக் கெட்டியாக்கினாலோ பிரேக்கில் கொஞ்சம் தாங்கும், கல்லில் இன்னும் மோசமாகும். ஓட்டையைப் பெரிதாக்கினால் தலைகீழ். ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு இரண்டையும் சரிசெய்ய முடியாது.

ஷிம் என்ன செய்கிறது?

மோட்டோகிராஸ், எண்டியூரோ பைக்குகளில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் பிஸ்டனின் துளைகளை மெல்லிய எஃகு வட்டத்தகடுகள் மூடியிருக்கும். பார்க்க வாஷர் மாதிரி இருக்கும், பெயர் ஷிம். ஆயில் அழுத்தம் கூடினால் தகடு வளைந்து வழிவிடும். அழுத்தம் கூடக்கூட வழியும் அகலும். அதனால் மெதுவான அசைவிலும் பிடிப்பு கிடைக்கிறது, வேகமான அடியில் எதிர்ப்பு எல்லை மீறுவதும் இல்லை.

ரீவால்விங் என்பது பெரும்பாலும் இந்த ஷிம் அடுக்கை மாற்றுவதுதான். இதில் மறக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும். 0.10 மி.மீ. ஷிம்மை எடுத்துவிட்டு 0.15 போட்டால், விறைப்பு ஒன்றரை மடங்கு ஆகாது, சுமார் 3.4 மடங்கு ஆகும். 0.20 போட்டால் 8 மடங்கு. "கொஞ்சம் தடிமனா ஒண்ணு போட்டேன், பைக்கே மாறிடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அடுக்கைத் தாங்கும் சின்ன கிளாம்ப் ஷிம்மின் விட்டமும் முக்கியம். அது சிறிதானால் மேலே உள்ளவை எளிதாக வளையும்.

சரி, வெளியே இருக்கும் கிளிக்கர் எதற்கு? அது ஷிம்மைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் உள்ள ஒரு சின்ன வழியை ஊசியால் திறந்து மூடுகிறது. அதனால் மெதுவான அசைவில்தான் அதன் ஆதிக்கம் அதிகம். கல்லில் விழும் அடி ஷிம் அடுக்கினால் வருகிறது என்றால், எத்தனை கிளிக் திருப்பினாலும் பெரிதாக மாறாது.

டேம்பிங் ராடுக்கு வழி?

உண்டு. அமெரிக்காவின் ரேஸ் டெக் நிறுவனம் பிரபலப்படுத்திய கார்ட்ரிட்ஜ் எமுலேட்டர் அப்படி ஒன்று. டேம்பிங் ராடின் கீழ்ப்பக்கம் உள்ள கம்ப்ரெஷன் ஓட்டைகளைப் பெரிதாக்கியும் கூட்டியும் அவற்றின் எதிர்ப்பைப் போக்கிவிடுவார்கள். ராடின் தலையில் இந்த வால்வை வைத்தால், ஃபோர்க்கின் ஸ்பிரிங்கே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வால்வுக்குள் குட்டி ஸ்பிரிங் தாங்கும் ஒரு தட்டு, அழுத்தம் கூடினால் திறக்கும். ஷிம் செய்யும் வேலைதான், வேறு உருவத்தில்.

இதில் இரண்டு எச்சரிக்கை. மேலே உள்ள சின்ன ரீபௌண்டு ஓட்டையைத் தொடவே கூடாது. ஃபோர்க் திரும்பி எழுவதை இன்னமும் அதுவும் ஆயிலின் கெட்டித்தன்மையும்தான் கட்டுப்படுத்துகின்றன. அடுத்து, துளை போட்ட ராடு பழையபடி ஆகாது. மாற்று ராடு கிடைக்குமா என்று விசாரித்த பிறகே டிரில்லை எடுங்கள். எமுலேட்டரின் உயரத்துக்கு ஏற்ப ஸ்பேசரைக் குறைக்கவும் வேண்டும்.

காசு செலவழிக்கும் முன்

கை வலிக்கு எப்போதும் வால்வுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். நான் இந்த வரிசையில் பார்ப்பேன்:

1. ஸ்பிரிங். நீங்கள் கியரோடு உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது? மொத்த அசைவில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வழக்கம். 200 மி.மீ. அசைவு என்றால் 50 முதல் 65 மி.மீ. ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் ஃபோர்க் எப்போதும் தாழ்ந்தே ஓடும், கடைசிப் பகுதியின் விறைப்பில் போய் மோதும். ஸ்பிரிங் சாஃப்ட், ஆனால் கைக்கு ஹார்டு!

2. உராய்வு. அச்சு சரியாக உட்காராவிட்டால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இறுக்கும். பிஞ்ச் போல்ட்டை இறுக்கும் முன் ஃபோர்க்கை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள்.

3. ஆயிலும் அதன் மட்டமும். மட்டம் உயர்ந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் கடைசியில் விறைக்கும். காலில் ஒரு ஜிப் டை கட்டினால் எவ்வளவு அசைவு பயன்படுகிறது என்று தெரிந்துவிடும்.

4. ரீபௌண்டு. அது மிக மெதுவாக இருந்தால், தொடர் பள்ளங்களில் ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த அடி வந்துவிடும். படிப்படியாகத் தாழ்ந்து கல்லாகிவிடும். பலர் இதைக் கம்ப்ரெஷன் கோளாறு என்று நினைத்துத் தப்பான பக்கத்தைப் பிரிப்பார்கள்.

கிளிக்கர் இருந்தால் முழுசா மூடி, அங்கிருந்து எண்ணுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதே பாதை, நோட்டில் ஒரு வரி. ஷிம் அடுக்கைப் பிரிக்கும்போது எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள். ஃபோர்க் மூடியைத் திறக்கும் முன் முன்சக்கரம் தரையைத் தொடாதபடி பைக்கை நிறுத்துங்கள், மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் காத்திருக்கிறது, முகத்தை மேலே வைக்காதீர்கள்.

நண்பரை முதலில் உட்காரவைத்து அளக்கச் சொன்னேன். ஃபோர்க் பாதி அசைவு வரை இறங்கியிருந்தது. அவர் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும், கம்பெனி சொன்ன அளவு ஆயிலும் போட்டார். மூக்குக் குத்துவது அடங்கியது, கைவலி பாதி குறைந்தது. மீதிப் பாதி ஓட்டையின் வேலை. எமுலேட்டருக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்.